ஏழு சுற்றும் ஓர் ஆதி அலையும்

கடம்பநேரிக்கு அந்த அலை வந்து சேர்ந்தது ஆவணி பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. அது அண்டம் பிறந்த கணத்தில் கிளம்பியது, ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருஷம் நடந்து வந்தது, வழியில் எங்கும் உட்காரவில்லை என்பதெல்லாம் ஊர் பிறகு தெரிந்துகொண்ட சங்கதிகள். அன்றைக்கு, ஆவுடையம்மாள் வீட்டு நடுக்கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து கல்யாணச் சீருக்கு முறுக்கு சுற்றிக்கொண்டிருந்த ஏழு பெண்களுக்கும் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: மாவில் வெண்ணெய் கூடிவிட்டது.

ஏனென்றால், வெள்ளை வேட்டியின் மேல் வரிசை வரிசையாகச் சுற்றி வைத்திருந்த அறுபத்துமூன்று முறுக்குகளும், யாரும் தொடாமல், காற்று கூட வீசாமல், ஒன்றன்பின் ஒன்றாகத் தம் கடைசிச் சுற்றை அவிழ்த்து, அதற்கு முந்தைய சுற்றை அவிழ்த்து, நடுவிலிருந்த சின்னச் சுழியையும் அவிழ்த்துக்கொண்டு, மாலை வெயிலில் நீட்டி நிமிர்ந்து படுக்கிறவர்களைப் போல நேராகப் படுத்துக்கொண்டன. அவிழும்போது ஒரு சத்தமும் இல்லை. எல்லார் அடிவயிற்றிலும் ஊஞ்சல் இறங்கும்போது வருமே, அந்தக் கூச்சம் மட்டும் ஒரு கணம் வந்து போனது.

"ஏட்டி, வெண்ணெய் யாரு போட்டா?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள்.

அவள்தான் போட்டிருந்தாள். அதை யாரும் சொல்லவில்லை. திரும்பச் சுற்றினார்கள், திரும்ப அவிழ்ந்தது. மாவை மாற்றிச் சுற்றினார்கள், அதுவும் அவிழ்ந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து மாவை வலப்பக்கமாக முறுக்க முறுக்க, மாவு இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தது. நாற்பது வருஷமாக அந்தக் கூடத்தில் உட்கார்ந்து ஊரின் எல்லாக் கல்யாணங்களுக்கும் சுற்றிய ஆவுடையம்மாளின் விரல்கள் முதல்முறையாக எதையும் பிடிக்கத் தெரியாமல் விழித்தன.

பின்கட்டில், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால், கையில் சாரணிக் கரண்டியோடு நின்ற சங்கரவடிவு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கூடத்துக்கு அவள் வரவில்லை. சுற்றுகிற வேட்டிக்குப் பக்கத்தில் அவள் வருகிற வழக்கமில்லை.

அந்த வழக்கத்தைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. கடம்பநேரியில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீர்த் தட்டுகளின் உச்சியில் ஒரு முறுக்கு போகும். பனையோலை விசிறி அகலம், ஏழு சுற்று, இடையில் ஒட்டுப்போடாத ஒரே இழை. அதற்குத் தாய்முறுக்கு என்று பெயர். பெண்ணைப் பெற்றவள் தன் கையால், வலஞ்சுழியாக, எழுந்திருக்காமல் ஒரே உட்காரலில் சுற்ற வேண்டும். அது விள்ளாமல் முறியாமல் மாப்பிள்ளை வீடு போய்ச் சேர வேண்டும். இடப்பக்கம் சுற்றிய முறுக்கு குடும்பத்தை அவிழ்த்துவிடும் என்று ஊர் நம்பியது. யார் குடும்பம் அப்படி அவிழ்ந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் சுற்றிப் பார்த்ததில்லை.

சங்கரவடிவு இடக்கைக்காரி. ஐந்து வயதில் தாயை இழந்தவள். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பத்தொன்பது வயதில் அந்த வீட்டுக்குள் வந்த ஆவுடையம்மாள்தான் அவளைக் குளிப்பாட்டி, பேன் பார்த்து, சோறூட்டி வளர்த்தாள். அந்த மதினிதான் ஒரு கார்த்திகை மாதம் தன் பழைய மஞ்சள் சேலையிலிருந்து ஒரு முழம் கிழித்து, குழந்தையின் இடக்கையை இடுப்போடு சேர்த்துக் கட்டியவளும். பங்குனி வரை தினமும் காலையில் கட்டுவாள், விளக்கு வைக்கும்போது அவிழ்ப்பாள். குழந்தை அழும்போதெல்லாம் "பழகிரும்ட்டி, பழகிரும்" என்பாள், சில நாள் கூடச் சேர்ந்து அவளும் அழுவாள். சாப்பிட, எழுத, பிறருக்கு ஒன்றைக் கொடுக்க வலக்கை பழகிக்கொண்டது. முறுக்கு சுற்ற மட்டும் தலைகீழாக நின்றாலும் பழகவில்லை. அதனால் வடிவு அடுப்படிக்குப் போனாள், இருபத்தைந்து வருஷமாகப் பிறர் சுற்றியதை எண்ணெயில் போட்டு எடுத்தாள். அவள் கல்யாணத்துக்குத் தாய் இல்லாத குறைக்கு மதினி சுற்றினாள். இப்போது வடிவின் மகள் உலகம்மைக்கு ஐப்பசி நாலாம் தேதி முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. அதற்கும் மதினியே சுற்றுவதாகப் பேச்சு. வடிவு சரி என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனால் பெற்ற பெண்ணுக்குத் தாய்முறுக்கைத் தன் கையால் சுற்ற வேண்டும் என்ற ஆசை அவள் மனசில் கிடந்து வெந்துகொண்டிருந்தது. மாவு பிசைந்த பாத்திரத்தைக் கழுவும்போது ஓரத்தில் ஒட்டியிருப்பதை வழித்து, யாரும் பார்க்காத நேரம் அம்மியின் மேல் இடக்கையால் ஏழு சுற்று சுற்றிப் பார்ப்பாள். பிறகு அழித்து வாய்க்குள் போட்டுக்கொள்வாள்.

அன்று மத்தியானம் ஆவுடையம்மாள் மாவுக் கையோடு பின்கட்டு வாசலில் வந்து நின்றாள். நாளை விடிந்தால் தெற்குத்தெருக் கல்யாணத்துக்குத் தட்டு போக வேண்டும்.

"வடிவு, கைய கழுவிட்டு வா," என்றாள்.

"எந்தக் கைய மதினி?"

மதினி திரும்பிக் கூடத்துக்கு நடந்தாள். வடிவு இரண்டையும் கழுவினாள். கூடத்துக்கு வந்தாள், உட்கார்ந்தாள், இடக்கையால் மாவைக் கிள்ளினாள். மாவு அவள் விரலுக்குக் காத்திருந்ததுபோல ஓடி வந்தது. அவள் சுற்றினாளா, அதுவாகச் சுற்றிக்கொண்டதா என்று பார்த்தவர்களுக்குப் பிடிபடவில்லை. சுற்று சுற்றாக, இழை இழையாக, இடப்பக்கமாகவே முறுக்கிக்கொண்டு அறுபத்துமூன்றும் சாயங்காலத்துக்குள் வேட்டியை நிறைத்தன. ஒன்றுகூட அவிழவில்லை.

அதற்குள் ஊர் முழுக்க விஷயம் தெரிந்துபோயிருந்தது. அவிழ்ந்தது முறுக்கு மட்டும் இல்லை. பெண்களின் கொண்டைகள் அவிழ்ந்தன, ஆண்களின் வேட்டிகள் அவிழ்ந்தன, அடுத்த ஒரு வாரம் கடம்பநேரி ஆண்கள் ஒரு கையை இடுப்பில் வைத்தபடியேதான் நடந்தார்கள். கிணற்றுக் கயிறுகள் புரியவிழ்ந்து நாராகத் தொங்கின. மின்விசிறிகள் நின்று, கொஞ்சம் தயங்கி, மறுபக்கமாகச் சுற்றத் தொடங்கின. இதைவிட வினோதம் தெருக்கள். காலையில் கிழக்குமேற்குத் தெருக்கள் நீண்டன, வடக்குதெற்குத் தெருக்கள் குறுகின. நேரம் ஆக ஆக அந்த நீளம் இடப்பக்கமாக மெல்லத் திரும்பி, உச்சிவேளையில் சந்துகளைக் குறுக்காக இழுத்து, சாயங்காலம் வடக்குதெற்கை நீட்டிக் கிழக்குமேற்கைச் சுருக்கியது. வீடும் மரமும் மனிதர்களும் சேர்ந்தே நீண்டு சேர்ந்தே சுருங்கியதால் யாருக்கும் வலிக்கவில்லை. வடிவின் கணவர் பாவநாசம், டவுன்பஸ் ஓட்டுகிறவர். கிழக்கிலிருந்து வரும் காலை வண்டி எவ்வளவு மிதித்தாலும் இருபது நிமிஷம் தாமதமாக வந்தது, அதே சாலையில் மாலை வண்டி அவர் இரண்டாவது கியர் போடுவதற்குள் ஊருக்குள் வந்துவிட்டது.

"ரோடு என்னய நம்பி இல்ல. நான்தான் ரோட்ட நம்பி இருக்கேன்," என்றார் பாவநாசம்.

கடம்பநேரிக்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. எது வந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் அதற்கு ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிடுவார்கள். தபால்காரர் காலையில் வடக்குதெற்குத் தெருக்களையும் மாலையில் கிழக்குமேற்குத் தெருக்களையும் வைத்துக்கொண்டு பாதி நேரத்தில் வேலையை முடித்து மீதி நேரம் குளத்தங்கரையில் படுத்துக் கிடந்தார். தையல்காரர் காலையில் ஒரு அளவும் மாலையில் ஒரு அளவும் எடுத்து இரண்டுக்கும் நடுவில் வெட்டினார். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கு, பையன் கொஞ்சம் குள்ளமென்றால், அவனை எந்த நேரத்தில் எந்தத் திசை பார்த்துக் கட்டிலில் படுக்கவைத்துக் காட்டினால் உயரமாகத் தெரிவான் என்று தரகர் குறித்து வைத்திருந்தார். கோயிலில் மட்டும் கொஞ்சம் சிக்கலானது. வலம் வருகிறவர்களுக்கு மலை ஏறுவதுபோல மூச்சு வாங்க, இடம் வந்தால் கால் தானாகச் சென்றது. பட்டர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், அம்பாள் சுவாமிக்கு இடப்பாகத்தில்தானே இருக்கிறாள், கூப்பிடுகிறவள் அவளாக இருக்கும், போங்கள் என்று சொல்லிவிட்டார். ஊர் நிம்மதியாக இடம் வந்தது.

பகலெல்லாம் ஒரு மயக்கம் ஊரின் மேல் கிடந்தது. நின்றுகொண்டே கனவு கண்டார்கள். எல்லாருக்கும் ஒரே கனவு: வெளிச்சம் என்ற ஒன்று இன்னும் உண்டாகவில்லை, எல்லாம் ஒரு பிடி மாவாக ஈரத்துணிக்கு அடியில் இருக்கிறது, யாரோ அதைத் தொடப்போகிறார்கள். தொடுவதற்கு முன்னால் விழிப்பு வந்துவிடும். விழித்தவர்கள் கையில் இருந்த வேலையை விட்ட இடத்திலிருந்து செய்வார்கள்.

மூன்றாம் நாள் உலகம்மை வந்தாள். அவள் வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அண்டம் எப்படி ஆரம்பித்தது என்று படித்துக்கொண்டிருப்பவள்; ஊரில் கேட்டால் "பெரிய படிப்பு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பேருந்தைவிட்டு இறங்கியதும் கொண்டை அவிழ்ந்து தோளில் விழ, அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். பிறகு தையல்காரரிடம் போய் இஞ்சுடேப்பை வாங்கி, காலையிலிருந்து மாலை வரை தெருத்தெருவாக அளந்தாள். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, நாலு வருசமா நான் கணக்குப் போட்டுத் தேடுறது இதத்தான். உலகத்துல ஒருத்தரும் இத இன்னும் பாக்கல."

"அப்படி என்னத்தட்டி இது?"

"ஆரம்பத்துல எல்லாமே ஒரு எள்ளுக்குள்ள அடங்கிக் கெடந்துதும்மா. நீ, நான், இந்த அடுப்பு, அந்த வானம், எல்லாம். அது திடீர்னு உப்ப ஆரம்பிச்சுது."

"எண்ணெயில போட்ட மாதிரியா?"

"கண்ண மூடித் தெறக்குற நேரங்கூட அதுக்கு ரொம்ப அதிகம். அப்படி உப்புத நேரத்துல, உள்ளுக்குள்ள, காந்தத்தச் சுத்தி ஒரு இழுப்பு இருக்குமே, அது மாதிரி ஒரு புலம் சரிவுல மெதுவா உருண்டுக்கிட்டு இருந்துருக்கு. ஆக்சியான்னு ஒண்ணு சொல்லுவாங்க, அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு வச்சுக்க. கண்ணுக்குத் தெரியாது, எடை கெடையாதுங்கற மாதிரி, யாரோடயும் ஒட்டாது."

"பேரு ஒரு மாதிரியா இருக்கே."

"சோப்புத்தூள் டப்பாவப் பாத்து வச்ச பேராம். அத விடு. அது உருளும்போது பக்கத்துல இருந்த மத்த புலத்த ஒரே பக்கமா கிண்டி விட்டுருச்சு. அந்தக் கிண்டுல வெட்டவெளியே நடுங்கிப்போச்சு. அந்த நடுக்கம்தான் அலை. எல்லா அலையும் ஒரே பக்கமா முறுக்கிக்கிட்டுப் போச்சு. அடுத்த பக்கம் முறுக்குற அலை வளரவே இல்ல."

வடிவு சாரணியைச் சட்டி விளிம்பில் வைத்தாள்.

"ஏன் எடப்பக்கம்?"

"அது எந்தப் பக்கமா உருண்டுதோ அந்தப் பக்கம். மாத்தி உருண்டிருந்தா வலப்பக்கம். அதுல நல்லதும் கெடையாது, கெட்டதும் கெடையாதும்மா. அவ்வளவுதான்."

எண்ணெய் புகைந்தது, வடிவு கவனிக்கவில்லை. நாற்பத்துமூன்று வயதில் அவள் மேல் இருந்த ஏதோ ஒன்றை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. அழுகை வந்தது, அழுதாள்.

"இத ஒருத்தரும் எனக்குச் சொல்லலியேட்டி இத்தன நாளா," என்றாள்.

உலகம்மை தன் பேராசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதினாள்: தையல் இஞ்சுடேப்பில் எடுத்த அளவுகள், அறுபத்துமூன்று முறுக்கின் திசை, பாவநாசத்தின் வண்டி நேரங்கள். கல்யாணம் முடியும் வரை நன்றாக ஓய்வெடு என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அலை எப்போது போகும் என்று வடிவு ஒருநாள் கேட்டாள். மகள் கையை விரித்தாள். "இதோட ஒரு மடிப்பே நட்சத்திரக் கூட்டத்தவிட நீளம். நம்ம ஊருக்குள்ள எப்படி மடங்கி உக்காந்துருக்குன்னே எனக்குத் தெரியலம்மா. நாளைக்கே போனாலும் போகும்."

"ஐப்பசி வரைக்கும் இருக்கச் சொல்லு," என்றாள் வடிவு. விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து அவள் தினமும் எழுந்ததும் முதலில் மின்விசிறியைப் பார்த்தாள். அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரிந்தபிறகுதான் பல் துலக்கப் போனாள்.

ஆவணிக் கல்யாணங்கள் வரிசையாக வந்தன. ஊர் வடிவைத் தேடி வந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் தங்கள் வலக்கையை மடியில் போட்டுவிட்டு, இடக்கையின் மேல் வடிவு தன் கையை வைத்து ஓட்ட, தாய்முறுக்கை இடஞ்சுழியாகச் சுற்றினார்கள். புரட்டாசி பிறப்பதற்குள், இடஞ்சுழிதான் உண்மையில் ஆதிகாலத்து முறை என்றும், நடுவில் யாரோ மாற்றிவிட்டார்கள் என்றும் ஊரில் பேச்சு வந்தது. நடுக்கூடத்தில் வடிவுக்கு மணை போட்டார்கள். வெற்றிலைத் தட்டை முதலில் அவளிடம் நீட்டினார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு அது பிடித்திருந்தது. கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் நடந்தாள்.

ஆவுடையம்மாள் இப்போது அடுப்படியில் நின்றாள். மாவுக்கு உப்புப் போடுவது மட்டும் அவள் பொறுப்பாகவே இருந்தது, மூத்தவள்தான் போட வேண்டும் என்பதால். வலக்கையால் போட்ட உப்பு மாவில் கரையாமல் கல்லுகல்லாக நின்றதால் அதையும் இடக்கையால் போடக் கற்றுக்கொண்டிருந்தாள். அவள் விரல்களுக்கு எவ்வளவு அள்ளுகிறோம் என்று தெரியவில்லை. போட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் கையைப் பார்த்துக்கொள்வாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டு செண்பகவல்லி தன் ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். குழந்தையின் வலக்கை ஒரு நீலத் துணியால் இடுப்போடு கட்டியிருந்தது.

"நாளைக்கு இவ மக கல்யாணத்துல எங்கள மாதிரி கஷ்டப்படக்கூடாதுல்லா, அதான் இப்பமே. நீங்கதான் அக்கா இவளுக்குக் கையத் தொட்டுப் பழக்கிக் குடுக்கணும்," என்றாள் செண்பகவல்லி.

குழந்தை அழுதிருந்தாள். இடக்கையால் மூக்கைத் துடைக்கத் தெரியாமல் கன்னத்தில் தேய்த்துக்கொண்டாள். வடிவு அவளைப் பார்த்தாள். கூடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது, வடிவுக்கு எதுவும் காதில் விழவில்லை. மணையைவிட்டு எழுந்து வந்து, முட்டிபோட்டு உட்கார்ந்து, அந்த முடிச்சை அவிழ்த்தாள். துணி இறுகியிருந்தது. குழந்தையின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வளையம் விழுந்திருந்தது. அதை வடிவு ஊதிவிட்டாள்.

"இத கட்டாத செண்பகம். எந்தக் கையானாலும் கட்டாத," என்றாள்.

பின்கட்டு வாசலில் நின்ற ஆவுடையம்மாள் அந்த நீலத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

புரட்டாசி இருபத்தேழாம் தேதி உலகம்மையின் சீருக்கு மாவு பிசைந்தார்கள். விடியும்போது மின்விசிறி இடப்பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஆவுடையம்மாள் இடக்கையால் உப்பைப் போட்டாள், வெண்ணெயையும் சீரகத்தையும் போட்டாள், பிசைந்து ஈரத்துணியால் மூடினாள். பத்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. ஊரில் பாதிப்பேர் வாசலில் நின்றார்கள். வடிவு தலை குளித்து, அரக்குச் சேலை உடுத்தி, கிழக்குப் பார்த்து உட்கார்ந்தாள். மகள் எதிரே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

முதல் சுழியைப் பிடித்தாள். இழை ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று. மயக்கம் கூடத்தை மூடியது, யாரும் இமைக்கவில்லை, ஆதியில் ஒரு சரிவில் எது உருண்டதோ அது இன்னமும் உருண்டுகொண்டே இருப்பதுபோலவும், அந்த உருளலே அவள் விரலிடுக்கில் வந்து மாவாகப் போவதுபோலவும், அவள் கை தன் கைதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. நான்கு. ஐந்து.

அப்போது எல்லார் அடிவயிற்றிலும் அந்தக் கூச்சம் வந்து போனது. மின்விசிறி நின்றது. கொஞ்சம் தயங்கி, பழைய பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. வெளியே யாரோ, "ரோடு சரியாயிட்டுய்யா," என்று சொல்வது கேட்டது.

"போயிட்டுதும்மா," என்றாள் உலகம்மை மெதுவாக. அவள் கண் நிறைந்திருந்தது.

வடிவின் விரல்கள் நின்றன. இதுவரை கையைத் தூக்கிக்கொண்டு போன ஏதோ ஒன்று விலக, மாவு கனத்தது, தோள் கனத்தது. இப்போது அது அவள் கை மட்டும்தான். இடக்கை. இழை ஆறாம் சுற்றின் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது.

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. முதலில் பேசியது செண்பகவல்லி, பின்கட்டில் நின்ற ஆவுடையம்மாளைப் பார்த்து.

"மதினி, இனி பழையபடி வலஞ்சுழி நிக்கும்லா. நீங்க உக்காந்து சுத்திரலாமே."

"ஆமா, அஞ்சுதான ஆயிருக்கு. இத எடுத்து ஓரமா வச்சிட்டுப் புதுசா ஆரம்பிச்சிரலாம். எதுக்கு வம்பு? வாழப்போற புள்ள," என்றாள் இன்னொருத்தி.

நாற்பத்தேழு நாள் இடஞ்சுழியை ஆதிமுறை என்று சொன்ன வாய்கள்தான் அவை. வடிவு யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மதினி எழுந்திரு என்று சொன்னால் எழுந்துவிடுவாள், அது அவளுக்கே தெரியும். வளர்த்தவள் சொல்லை அவள் ஒருநாளும் தட்டியதில்லை. இழை காயத் தொடங்கியது.

ஆவுடையம்மாள் பின்கட்டிலிருந்து வந்தாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. அவள் வேட்டிக்கு முன்னால் வந்து நின்று, அந்த ஐந்து சுற்றையும் பார்த்தாள், வடிவின் இடக்கையைப் பார்த்தாள். ஊரே பார்க்க, தன் முந்தானையை உருவி, தன் வலக்கையை இடுப்போடு வைத்து, ஒரு சுற்று, இரண்டு சுற்று சுற்றி, இடக்கையாலும் பல்லாலும் இழுத்து முடிச்சுப் போட்டாள். அறுபது வயதை நெருங்குகிறவளுக்கு அது சுலபமாக இல்லை. பிறகு அவள் வடிவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"சுத்து வடிவு. மாவு காயுது," என்றாள்.

வடிவு சுற்றினாள். கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது, துடைக்கக் கை இல்லை. அலை இல்லாத அந்த ஆறாவது சுற்று மற்ற ஐந்தையும்விட மெதுவாக, ஒரு இடத்தில் கொஞ்சம் தடித்து, ஒரு இடத்தில் மெலிந்து, ஆனால் அறாமல் போனது. ஏழாவது சுற்றை முடித்து, நுனியை முந்தைய சுற்றோடு அழுத்தினாள். எல்லாரும் அது அவிழுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவிழவில்லை. அதை எண்ணெயில் இறக்க ஆவுடையம்மாள் தன் இடக்கையால் துணியின் ஒரு முனையைப் பிடித்தாள்.

கல்யாணத்தன்று தட்டுகள் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் வைக்கப்பட்டதைப் பார்த்த கவனத்தோடு கடம்பநேரிக்காரர்கள் தாலி கட்டியதைக்கூடப் பார்க்கவில்லை. சம்பந்தியம்மாள் நாகர்கோவில்காரி. தாய்முறுக்கைக் கையில் எடுத்தாள். அவள் அதை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது. அவர்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கமே இல்லை.

"எவ்வளவு பெரிசு," என்று சொல்லி, இரண்டு கையாலும் படக்கென்று அதை ஒடித்தாள். கடம்பநேரியில் தாய்முறுக்கைக் கல்யாணப் பந்தலில் ஒடித்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பாவநாசம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தியம்மாள் ஒரு துண்டை மருமகளுக்குக் கொடுத்தாள், ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள், பக்கத்தில் நின்ற வடிவிடமும் ஆவுடையம்மாளிடமும் ஆளுக்கொரு துண்டை நீட்டினாள்.

"நல்ல மொறுமொறுன்னு இருக்கு, கேட்டியளா. ஆரு சுத்தினது?"

"எங்க அம்மா," என்றாள் உலகம்மை.

வடிவு தன் துண்டை வாயில் வைத்தாள். தான் சுற்றிய சீர் முறுக்கை அவள் தின்பது அதுதான் முதல்முறை. மெல்ல மென்றாள். பக்கத்தில் ஆவுடையம்மாளும் மென்றுகொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தி, நாக்கால் ருசி பார்த்து, மறுபடி மென்றாள்.

"உப்பு ஒரு கல்லு கூடிட்டு," என்றாள்.

"ஆமா மதினி."

"எடக்கையால போட்டேம்லா," என்றாள் ஆவுடையம்மாள். விரல்களை ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "பழகிரும்."